ஸ்டேசனுக்குள் யார் போகலாம்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா வாசிங்க.

தங்கச்சியின் மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை செய்கிறார். போன வாரம் ஒரு படம் அனுப்பினார். சின்னதாக ஒரு செங்கல் கட்டடம், சுற்றிவரப் பச்சை. "மச்சான், இது பழைய கோச்சி ஸ்டேசன். பக்கத்துல சாப்பாட்டுக் கடையும் வச்சிருக்காங்க" என்று வொய்ஸ் போட்டிருந்தார். உம்மா கேட்ட ஒரே கேள்வி, "ஹலாலாமா மகன்?"

அது புக்கிட் தீமா ரயில் நிலையம், 1932 இல் கட்டியது. சிங்கப்பூர் தனி நாடான பிறகும் அந்தப் பாதை மலேசிய ரயில்வேயின் கையில்தான் இருந்தது. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. ஓட்டிப் போனவர் ஜொகூர் சுல்தான்! பிறகு தண்டவாளத்தைக் கழற்றி, 24 கிலோமீற்றர் பாதையையும் மக்கள் நடக்கிற இடமாக்கினார்கள். இந்த நிலையத்தைத் திருத்தி 2022 ஜூலையில் திறந்தார்கள்.

எனக்குப் பிடித்தது இதுதான்: உணவகம் இருப்பது ஊழியர் குடியிருந்த வீட்டில். நிலையக் கட்டடம் காட்சிக்கூடமாக எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ஒன்றும் வாங்காமலே உள்ளே போய்ப் பார்க்கலாம். அந்த நிலையத்தில் கடைசி வரை சாவி முறைதான் நடந்தது. ஒற்றைப் பாதை, எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடக் கூடாது. அந்தத் துண்டுப் பாதைக்குரிய சாவி கையில் வந்தால்தான் ஓட்டுநர் வண்டியை எடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு சாவிதான் வெளியே வரும். நம் மலையகப் பாதையில் வளையத்தைக் கைமாற்றுவதும் இதே கணக்குத்தான். ஒரு பாடவேளை முழுக்கச் சொல்லிக் கொடுக்கலாம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன வருசம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனோம். தூரத்து நகரமொன்றில், உணவகமாக மாற்றிய ஒரு பழைய கட்டடம். பெயர் வேண்டாம். "பிள்ளைகள் சும்மா உள்ளே பார்த்துவிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தானாம். வெயிலில் நின்று வெளிச்சுவரைக் காட்டிப் பாடம் நடத்தினேன். ஒரு பிள்ளை கேட்டாள், "சேர், இது கடையா, சரித்திரமா?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழைய கட்டடத்தில் கடை போடுவதற்கு நான் எதிரி இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் கட்டடம் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாண ஸ்டேசனே சாட்சி. 1990 இல் கோச்சி நின்றது. 2014 ஒக்டோபரில் மறுபடி வரும்வரை கூரை போய், மரம் முளைத்துக் கிடந்தது. அதைவிட ஒரு சாப்பாட்டுக் கடை ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் ஸ்டேசன் என்பது பங்களா இல்லையே. எங்கள் கட்டைபறிச்சான் பக்கம் கோச்சி கிடையாது. நான் படிக்கிற காலத்தில் மூதூரில் லோஞ்ச் ஏறி, கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக்குப் போய்த்தான் கொழும்புக் கோச்சி பிடிக்க வேண்டும். நடுச்சாமத்தில் கல்ஓயாச் சந்தியில் வாப்பா வாங்கித் தந்த பிளேன்டீயின் சூடு இன்னும் நாக்கில் இருக்கிறது. அந்த வாங்கில் சோற்றுப் பார்சல் பிரித்தவர்களும் இருந்தார்கள், கோட் போட்டவர்களும் இருந்தார்கள். யாரையும் யாரும் எழுப்பவில்லை.

இன்னொன்று. மலாயா ரயில்வேயில் ஸ்டேசன் மாஸ்டராகவும் கிளாக்காகவும் வேலை செய்ய யாழ்ப்பாணத்தார் எத்தனையோ பேர் கப்பலேறினார்கள். பாதை போட்டு, சிலிப்பர் கட்டை சுமந்ததில் தமிழ்நாட்டுக் கூலிகளின் முதுகு இருக்கிறது. இப்படியான கட்டடங்களில் கட்டியவன், கொடி காட்டியவன், கக்கூஸ் கழுவியவன் கதையையும் சுவரில் எழுத வேண்டும். மெனுவுக்கு அவ்வளவு பெரிய பலகை வைக்க முடியுமென்றால் இதற்கும் ஒன்று வைக்கலாம்.

நாளைக்கு நம் நாட்டிலும் யாராவது பழைய ஸ்டேசனொன்றைக் குத்தகைக்கு எடுக்கலாம். எடுக்கட்டும், நல்லா நடக்கட்டும். ஆனால் பிளாட்பாரமும் டிக்கற் ஜன்னலும் காசில்லாமல் பார்க்கிற இடமாக இருக்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பிறகு கெஞ்சி வேலை இல்லை.

அடுத்த தவணை வகுப்பைத் திருகோணமலை ஸ்டேசனுக்குக் கூட்டிப் போக அதிபரிடம் கேட்டிருக்கிறேன். பிளேன்டீ பிளாஸ்க்கில் வரும். வருகிற பெற்றோர் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.