அட்டை இருக்கிறது, நோய்க்காலக் கூலி எங்கே?

கிராமத்து ஏழைக் குடும்பங்களின் கையில் இன்று இன்ஷ்யூரன்ஸ் அட்டை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009-ல் மாநில சர்க்காரின் திட்டம் வந்தது. 2018-ல் மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் வந்து சேர்ந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை வைத்தியம் என்கிறார்கள்.

அட்டை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. இருதய ஆபரேஷனுக்காகக் காணி நிலத்தை விற்காமல் தப்பிய குடும்பங்கள் உண்டு. ஆனால், உழைப்பாளியின் கடன் ஆபரேஷனில் மட்டுமா பிறக்கிறது?

அட்டை படுக்கையோடு கட்டுண்டது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன் 3 நாள், வெளிவந்த பின் 15 நாள். ஆயுஷ்மான் கணக்கு அதோடு சரி. நாற்று நடும் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால்? சர்க்கார் சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம்தான். ஆனால் அங்கே டாக்டர் பார்க்கும் நேரம் வயலில் வேலை நேரம். போனால் அன்றையக் கூலி போச்சு. போகாவிட்டால் மாலையில் தனியார் டாக்டர், ஊசி, மாத்திரை, பஸ் சார்ஜ். இதில் ஒரு காசுக்கும் அட்டை பொறுப்பில்லை.

2017-18 தேசிய மாதிரி சர்வேயைப் பாருங்கள். நாட்டின் கிராமங்களில், பிரசவம் நீங்கலாக, ஒரு முறை சர்க்கார் ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கு ஆன வைத்தியச் செலவு சராசரி 4,290 ரூபாய். தனியாரிடத்திலோ 27,347 ரூபாய். ஆறு மடங்குக்கும் மேல்! ஏழையைக் காப்பது எது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பொதுப்பணம் முதலில் போக வேண்டிய இடம் சர்க்கார் ஆஸ்பத்திரியே. தனியாரின் பில் அல்ல.

ஆலைத் தோழர்கள் வேறொன்றை அறிவார்கள். 1955 ஜனவரியில் கோவையில் ஈ.எஸ்.ஐ. தொடங்கியது. அதில் படுக்கையில் சேராதவருக்கும் டாக்டர் உண்டு, மருந்து உண்டு. சந்தா செலுத்திய தொழிலாளி நோயில் படுத்தால், கூலியில் 70 சதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. அதன் குறைகளை நாம் அறிவோம். ஆயினும், நோயாளி வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும் என்ற நியாயத்தை அது ஒப்புக்கொண்டது.

அந்த நியாயம் வயல் தொழிலாளிக்கு ஏன் இல்லை? அவருக்கு நிரந்தர முதலாளி இல்லை என்பார்கள். அப்படியானால் முதலாளியின் பங்கை சர்க்கார் செலுத்தட்டும்!

மாலையிலும் டாக்டர் இருக்கும் சுகாதார நிலையம், தட்டாமல் மருந்து, நோய்க்காலக் கூலி: கிராம சபைதோறும் இம்மூன்றையும் கேட்போம். ஆலைத் தொழிலாளரும் வயல் தொழிலாளரும் சேர்ந்தே கேட்போம்.