கல்லாவுக்கு வேண்டிய ஆங்கிலம்



மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு படித்துத் தேறிய ஒரு பையன் நமது கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஆங்கிலப் பாடத்தில் நல்ல மதிப்பெண். கலபுரகி வியாபாரியிடம் போனில் பேசி 15 மூட்டை துவரம் பருப்புக்கு ஆர்டர் கொடுக்கச் சொன்னோம். அவன் 'பிஃப்டீன்' என்றான். அங்கே 'பிஃப்டி' என்று காதில் விழுந்தது. லாரியில் வந்து இறங்கியவை 50 மூட்டைகள்! முதல் முடங்கியது. பையனைத் திட்டித் தீர்த்தோம். அன்றோடு அவன் போனைத் தொடுவதில்லை.

ஆறின பிறகு யோசித்தோம். குற்றம் அவனுடையதா? எண்ணைப் பிரித்து 'ஒன் ஃபைவ்' என்று சொல்ல வேண்டும், எதிரே இருப்பவரையும் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும் என்பதைப் பள்ளியும் கற்றுத் தரவில்லை. நாமும் சொல்லித் தரவில்லை.

தமிழகத்தில் 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. 2022 மார்ச்சில் அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி உண்டு. வரவேற்கிறோம். ஆனால் எல்லோருக்கும் ஒரே பாடம் என்றால் பயன் பாதிதான். பூட்டுப் பட்டறைக்குப் போகிறவனுக்கு வேண்டிய ஆங்கிலம் வேறு. மளிகைக் கடைக்கு வருகிறவனுக்கு வேண்டியது வேறு. கற்பவரின் தேவையைக் கேட்டறிந்த பிறகே பாடம் அமைக்க வேண்டும் என்று ஹட்சின்சன், வாட்டர்ஸ் என்னும் கல்வியாளர்கள் 1987-லேயே நூல் எழுதி வலியுறுத்தினர்.

நமது தேவைதான் என்ன? சரக்கு குறைந்தோ சேதமாகியோ வந்தால், அனுப்பியவரிடம் 'கிரெடிட் நோட்' கேட்கத் தெரிய வேண்டும். கேட்காமல் விட்டால் கணக்கில் நஷ்டம் நமக்கே. பாக்கெட்டில் 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அந்தத் தேதிவரை தரம் குறையாது என்று பொருள். 'யூஸ் பை' என்றால் அந்தத் தேதிக்குப் பிறகு விற்கவே கூடாது. இந்த வேறுபாடு புரிய வேண்டும். பாக்கி கேட்டு வருகிற போனுக்கு மரியாதையாகத் தவணை சொல்லத் தெரிய வேண்டும். இவற்றை வைத்தே இருபது உரையாடல்கள் எழுதிவிடலாம்.

"ஆங்கிலம் வந்துவிட்டால் பையன் கடையை விட்டுப் போய்விடுவானே" என்பர் சிலர். போகட்டுமே! பேசத் தெரியாததால் மட்டுமே நம்மிடம் கிடக்கும் பையனால் நமக்கு என்ன பெருமை? இருக்கும்வரை அவனால் கடைக்கு லாபம். போனால் அவன் குடும்பத்துக்கு உயர்வு.

பாடம் எழுத வேண்டியவர்கள் ஆசிரியர்கள். தேவையைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். கட்சிக்காரர் பெயரையும் விலையையும் மறைத்து, பழைய பில், லேபிள், கடிதங்களின் நகல்களை நமது ஊர்ப் பள்ளிக்கும் ஐ.டி.ஐ.க்கும் கொடுப்போம். காந்திகிராமப் பல்கலைக்கழக ஆங்கிலத் துறையினரிடமும் யோசனை கேட்கலாம். மாதம் ஒரு நாள் மாணவர்களைக் கடையில் நிற்க வைத்து, நம் கண்ணெதிரே போன் பேச விடுவோம்.

தவறினால் திட்ட வேண்டாம். திருத்துவோம்.