பட்டறை வாசலில் படிக்கும் பிள்ளை

எட்டுப் பருவம் எந்திரம் படிக்கிறான். எட்டு நாள் சேர்ந்தாற்போல் எந்திரத்தின் முன்னே நிற்பதில்லை. நம் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் எந்திரவியல் பயிலும் தம்பியின் நிலை இதுதான். உராய்வு என்றால் என்ன என்று கேளுங்கள், ஒப்பிப்பான். இதோ லேத்து, இதோ தண்டு, நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டருக்கு மேல் பிசகாமல் கடைந்து எடு என்று சொல்லுங்கள், விழிப்பான். குறை அவனுடையதா? நீந்தக் கற்றுத் தருகிறோம் என்று அழைத்து வந்து, நான்காண்டுக் காலம் நீரைப் பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்திவிட்டு, கடைசி நாளன்று ஆற்றிலே பிடித்துத் தள்ளினால், மூழ்குகிறவனையா குற்றம் சொல்வது?

இந்தக் கோளாறு நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் சின்சினாட்டி என்றோர் ஊர். எந்திரங்களைச் செய்யும் எந்திரங்களைச் செய்கிற ஊர் என்று பெயர் பெற்றிருந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர், 1906ஆம் ஆண்டில் ஒரு புதுமையைத் தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பு, மறு வாரம் தொழிற்சாலை. மாணவர் இருவரை இணை சேர்த்தார். ஒருவன் புத்தகத்தோடு இருக்கும் வாரத்தில் மற்றவன் எந்திரத்தோடு இருப்பான். ஆலையில் இடம் காலியாவதில்லை, வகுப்பில் படிப்பு நிற்பதில்லை. முதலில் சேர்ந்தவர்கள் 27 பேர். பல்கலைக்கழகத்துப் பெரியவர்களோ, ஓராண்டு நடத்திப் பாருங்கள் என்று அரைமனதோடுதான் இணங்கினார்கள். கூட்டுறவுக் கல்வி என்று அதற்குப் பெயர். (கூட்டுறவு என்றதும் நம் தோழர்களுக்குப் பங்கீட்டுக் கடையும் சர்க்கரையும் நினைவுக்கு வரும். இது கல்லூரியும் தொழிற்சாலையும் செய்துகொண்ட கூட்டு.)

அந்த ஏற்பாட்டில் ஒரு செய்தியை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். மாணவன் கூலி பெற்றான்! பயிற்சி தருகிறோமே, அது போதாதா என்று முதலாளி கூறவில்லை. ஏட்டுக் கல்விக்குப் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளை, அந்தக் கூலியைக் கொண்டு படிக்க முடிந்தது. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் இதே வழியில் பொறியியல் வகுப்பைத் தொடங்கி, சில மாதம் படிப்பு, சில மாதம் வேலை என்று மாற்றி மாற்றி வைத்தது. அங்கும் வேலைக்கு ஊதியம் உண்டு.

நம் நாட்டில்? இல்லவே இல்லை என்று கூறமாட்டோம். 1951இல் தொடங்கப்பட்ட கோவை பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் வளாகத்திலேயே தொழிற்கூடம் இருக்கிறது. அதன் கதை 1926 வரை போகிறது. பம்பும் மோட்டாரும் செய்யும் இடத்தருகே படிப்பு. ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பு அங்கு உண்டு. படிப்புக்கு இடையிடையே பட்டறை. அதே கோவையில் ஜி.டி. நாயுடு, பள்ளிக்கூடத்தை அதிகம் பாராத அந்த மேதை, 1945இல் ஆர்தர் ஹோப் பெயரால் அமைந்த தொழிற்கல்விக் கூடத்தின் முதல்வராக இருந்தபோது, நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டு போதும் என்று வாதாடினார். வெள்ளையர் ஆட்சி ஒப்பவில்லை. அவர் பதவியைத் துறந்து வெளியேறினார். இரண்டாண்டு போதுமா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. ஆனால் கையைப் பூட்டி வைத்துவிட்டு மூளையை மட்டும் வளர்க்கப் பார்ப்பது வீண் என்று அவர் கண்டதில் ஐயமே இல்லை.

இங்கே ஒரு குரல் குறுக்கிடுகிறது. "அரை நேரம் படிப்பு, அரை நேரம் தொழில் என்று 1953இல் ஆச்சாரியார் சொன்னபோது, குலக்கல்வி, குலக்கல்வி என்று கூச்சலிட்டு ஊரைக் கூட்டினீர்களே! இன்று நீங்களே பாதிப் படிப்பு பட்டறையில் நடக்கட்டும் என்கிறீர்களே!" என்று கேலி பேசுகிறது அந்தக் குரல்.

கேட்கட்டும். பதில் இருக்கிறது.

ஆச்சாரியார் திட்டத்திலே, ஆறு வயதுப் பிள்ளைக்குப் பள்ளியில் மூன்று மணி நேரம். மீதி நேரத்துக்கு எங்கே? அப்பன் செய்யும் தொழிலுக்கு! சவரத் தொழிலாளி மகனுக்குக் கத்தி, குயவர் மகனுக்குச் சக்கரம், சலவைத் தொழிலாளி மகளுக்குத் துறை. எந்தத் தொழிலைக் கற்பது என்பதைப் பிள்ளையின் விருப்பம் முடிவு செய்யவில்லை, அறிவு முடிவு செய்யவில்லை. பிறப்பு முடிவு செய்தது. அதனால்தான் பெரியார் போர்க்கொடி உயர்த்தினார். அதனால்தான் கழகத் தோழர்கள் சிறை புகுந்தார்கள். 1954இல் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். நாம் எதிர்த்தது உழைப்பையா? பிறப்பின் பெயரால் பூட்டப்பட்ட விலங்கையல்லவா! பதினெட்டு வயதில், தானே தேர்ந்தெடுத்த படிப்புக்காக, சவரத் தொழிலாளியின் மகன் மில்லிங் எந்திரத்தின் முன் நிற்கிறானே, சலவைத் தொழிலாளியின் மகள் விசையாழியின் வரைபடத்தை விரித்துப் பார்க்கிறாளே, அது குலக்கல்வியா? குலக்கல்விக்குத் தோண்டிய குழி அது!

அந்தத் தம்பி கல்லூரி வாசலைக் கடந்ததே பெரிய கதை. வகுப்புவாரி உரிமை ஆணையைச் செல்லாது என்று 1951இல் உச்சநீதிமன்றம் கூறியபோது, வழக்கில் நின்ற இருவரில் ஒருவர் கேட்டது பொறியியல் கல்லூரி இடத்தைத்தான். தமிழகம் கொதித்தெழுந்தது, அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பிறகு நுழைவுத் தேர்வு ஒழிக்கப்பட்டு, 2007 முதல் பள்ளி மதிப்பெண்ணே போதும் என்றாயிற்று. 2010இல் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை, 2021இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு. ஒவ்வொரு பூட்டாகத் திறந்தோம்.

கல்லூரிப் பூட்டு திறந்தது. தொழிற்சாலைப் பூட்டு? அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் தொழிற்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் பயிற்சி இடத்தை யார் தேடித் தருவது? பல இடங்களில் விடை: நீயே தேடிக்கொள்! மாமன் மேலாளராக இருக்கும் பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். மாமன் மண் சுமக்கிறவரானால்? கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொழிற்பேட்டைகளைச் சுற்றி வருகிறான். வாயிற்காவலரைத் தாண்டவே வழியில்லை. கடைசியில் அலுத்துப்போய், பணம் கட்டினால் பயிற்சிச் சான்றிதழ் தருகிற கடைகளில் ஒன்றில் போய் விழுகிறான். மூன்று நாள் கண்காட்சி பார்ப்பதுபோல் எந்திரங்களைப் பார்த்துவிட்டு, முத்திரை குத்திய தாளோடு வீடு திரும்புகிறான். பெண்பிள்ளை என்றால், "இங்கே இரவு ஷிப்டு, இடமில்லை" என்று ஒரே சொல்லில் கதவு சாத்தப்படுகிறது. நுழைவுத் தேர்வை ஒழித்தோம் என்று நாம் மார்தட்டிக்கொண்டிருக்க, சிபாரிசு என்னும் வேறொரு நுழைவுத் தேர்வு ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இடம் கிடைத்த பிள்ளையைச் சில முதலாளிமார்கள் எப்படி நடத்துகிறார்கள்? ஒரே அச்சில் ஒரே துளையை ஆறு மாதம் போட வைக்கிறார்கள். கற்பது முதல் நாளோடு முடிந்துவிடும். மற்ற நாளெல்லாம் உழைப்பு மட்டும்தான். ஊதியம் கேட்டால், நீ மாணவனாயிற்றே! விடுப்புக் கேட்டால், நீ வேலைக்காரனாயிற்றே! பட்டம் பெற்றபின் பயிலுநராகச் சேர்கிறவனுக்காவது 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 1973இல் திருத்தி, பொறியியல் பட்டதாரிகளையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 2019 விதிகள் பட்டதாரிப் பயிலுநர்க்கு மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையாமல் உதவித்தொகை தரவேண்டும் என்றன. அவன் தொழிலாளி அல்லன், பயிற்சியாளன் என்று அச்சட்டம் சொல்கிறது. ஆனாலும் தொழிலாளிக்குரிய பாதுகாப்பு அவனுக்கும் வேண்டும், காயம்பட்டால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு என்று அதே சட்டத்தில் எழுதி வைத்தார்கள். படிக்கும்போதே, கல்லூரிக் கடிதத்தோடு சில வாரங்களுக்குப் போகிற பிள்ளையின் விரல் நசுங்கினால், யார் பொறுப்பு? கல்லூரி ஆலையைக் காட்டும், ஆலை கல்லூரியைக் காட்டும்.

ஆலைத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கையில் புத்தகத்தோடு வந்து நிற்கும் பையனைப் பார்த்ததும், நாளைக்கு நம்மையே அதட்டப் போகும் துரை என்று உங்களில் சிலருக்குத் தோன்றுகிறது. நம் இடத்தைப் பறிக்க முதலாளி அனுப்பிய மலிவுக் கூலி என்றும் தோன்றுகிறது. இரண்டாவது ஐயம் நியாயமானது. அதை அவனிடம் காட்டாமல் நிர்வாகத்திடம் காட்டுங்கள். நிலையான வேலைக்கான இடத்தில் மாணவரை நிறுத்தக்கூடாது என்று கேளுங்கள். அவனுக்கோ கற்றுக்கொடுங்கள். வெட்டுக்கருவி மழுங்கிவிட்டது என்பதை ஓசையிலேயே கண்டுகொள்கிறீர்களே, கழன்று விழும் இரும்புச் சுருள் நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்துச் சூட்டை அறிகிறீர்களே, அதை மேசையில் அமர்ந்து எந்தப் பேராசிரியர் கற்றுத்தர முடியும்? தாளில் ஓர் உட்குழியின் மூலையைக் கூராக வரைவது எளிது. வட்டமாகச் சுழலும் மில்லிங் கட்டர் அந்தக் கூர்மூலைக்குள் எப்படிப் போகும் என்று ஒருமுறை அவனிடம் கேளுங்கள். பிறகு ஆயுள் முழுதும் அப்படி வரையமாட்டான். நாளை அவன் வரைந்தனுப்பும் படத்தை வைத்துக்கொண்டு மல்லாடப் போகிறவர் நீங்கள்தானே!

ஆகவே நாம் கேட்பது கடினமானதல்ல. 2022இல் நான் முதல்வன் திட்டம் தொடங்கியபோது, திறன் வளர்ப்பு அரசின் பொறுப்பு என்ற கொள்கை நிலைநாட்டப்பட்டது. அந்தப் பொறுப்பை ஆலை வாசல் வரை நீட்ட வேண்டும். அரசின் சலுகையில் நிலமும் மின்சாரமும் பெறும் ஒவ்வொரு தொழிற்சாலையும், இத்தனை மாணவருக்கு இத்தனை மாதம் பயிற்சி என்று முன்கூட்டி அறிவிக்கட்டும். அந்த இடங்களைக் கல்லூரி இடங்களைப்போலவே பொதுக் கலந்தாய்வில், இடஒதுக்கீட்டோடு நிரப்பட்டும். உதவித்தொகை மாணவன் கணக்குக்கே போகட்டும். காப்பீடு இல்லாமல் ஒரு பிள்ளையும் எந்திரத்தின் அருகே போகக்கூடாது.

அரசு செய்யும்வரை சங்கங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஊதிய ஒப்பந்தத்துக்குக் கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது, போனசுக்கும் பஞ்சப்படிக்கும் கீழே இன்னொரு வரி சேருங்கள்: பயிற்சிக்கு வரும் மாணவருக்குக் கண்ணாடி, காலணி, கேண்டீனில் நம்மோடு ஒரு சாப்பாடு, அவனுக்குக் கற்றுத்தரும் மூத்த தொழிலாளிக்கு அதற்கென்று ஒரு படி.