அல்லாஹ் தருவான், யார் கையால்?

"அல்லாஹ் தருவான்" என்ற சொல்லைச் சொல்லாத வீடு காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ ஓட்டமாவடியிலோ இருக்காது. உலை வைக்க அரிசியில்லாத ஓர் உம்மா அதைச் சொல்லும்போது அது ஈமானின் உறுதி. வசதியுள்ள ஒருவர், உதவி கேட்டு வந்தவரை அனுப்பிவிட அதே சொல்லைச் சொன்னால் அதற்கு என்ன பெயர்?

தவக்குல் என்பது கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதல்ல. ஆளில்லாப் பாலைவனத்தில் பச்சைக் குழந்தையோடு விடப்பட்ட ஹாஜரா (அலை) அவர்கள், இது அல்லாஹ்வின் கட்டளையா என்று கேட்டார்கள். ஆம் என்று தெரிந்ததும், அவ்வாறாயின் அவன் எங்களைக் கைவிடமாட்டான் என்றார்கள். அத்தனை உறுதி இருந்தும், தண்ணீர் தீர்ந்தபோது ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார்கள். அதன் பிறகே ஸம்ஸம் கிடைத்தது. பிரசவ வேதனையில் இருந்த மர்யம் (அலை) அவர்களிடமும் பேரீச்ச மரத்தை உலுக்குமாறு கூறப்பட்டது. பறவைகள் காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பி மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புவதை நபி (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உதாரணமாகக் காட்டினார்கள். மட்டக்களப்பு வாவியின் நீர்க்காகங்களும் கூட்டிலிருந்து இரை தேடுவதில்லை.

ஆனால் பாடுபட்டும் முட்டுப்படும் காலம் உண்டு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அடுத்த மாதம் நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. இயந்திரப் படகில் தொழிலுக்குப் போகும் மீனவர் அன்று வெறுங்கையோடு நின்றது சோம்பலாலும் அல்ல, ஈமான் குறைவாலும் அல்ல. அத்தகையவரிடம் தவக்குலைப் பற்றிப் பிரசங்கம் செய்வது எளிது. அவருடைய அடுப்பு எரிய வழி செய்வதுதான் கடினம்.

நம் வீடுகளில் அதிகம் ஓதப்படும் யாஸீன் சூராவில் ஒரு கூட்டத்தார் வருகிறார்கள். அல்லாஹ் தந்ததிலிருந்து செலவிடுங்கள் என்று சொல்லப்பட்டபோது, அல்லாஹ் நாடினால் அவனே உணவளித்திருப்பானே, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லியே கொடுக்காமல் தப்பிக்கும் அந்தப் பேச்சு நிராகரிப்பாளர்களின் பேச்சாகவே குர்ஆனில் பதிவாகியிருக்கிறது. ஓதும் நாம் பொருளை அறிந்து ஓதினால் நடுங்க வேண்டிய இடம் அது.

1978 நவம்பர் 23 சூறாவளியில் இப்பகுதியின் கூரைகள் பறந்தன. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தங்குமிடங்களாயின. அங்கே இருந்தவர்களுக்கு வானத்திலிருந்து உணவுத் தட்டு இறங்கவில்லை. யாரோ சமைத்துக் கட்டிய சோற்றுப் பொதிதான் வந்தது. அதுவும் அல்லாஹ் தந்த ரிஸ்க்தான். கொடுத்த கை அவன் தேர்ந்த வழி.

பேரழிவு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டின் தேவை தெரிவதில்லை. கேட்கக் கூச்சப்படும் ஏழைகளை அறியாதவன் செல்வந்தர் என்றே நினைப்பான் என்று சூரா அல்பகரா சொல்கிறது. ரியூஷன் காசு இல்லாமல் உயர்தரப் படிப்பை விட நினைக்கும் மாணவி நம் வகுப்பிலேயே இருக்கலாம். அவளுடைய உம்மா நுண்கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்கலாம். வட்டி ஹராம் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வட்டியில்லாமல் பத்தாயிரம் ரூபாய் கைமாற்றுத் தர நம் தெருவில் எத்தனை வீடுகள் முன்வரும் என்பதுதான் கேள்வி.

பெற்றோரே, ரமழானில் வாசலுக்கு வருபவர்களுக்குச் சில்லறையாகப் பகிரும் ஸகாத்தை நாலு குடும்பங்கள் ஒன்றாகச் சேர்த்தால், ஒரு வீட்டுக்குத் தையல் இயந்திரமோ வலையோ வாங்கிக் கொடுக்கலாம். அடுத்த ரமழானில் அந்த வீடு கை நீட்ட வேண்டியதில்லை. சகோதரிகளே, நாம் பழைய பாடப்புத்தகங்களைக் கொடுக்கலாம். பின்தங்கிய தோழிக்கு ஒரு மணி நேரம் பாடம் சொல்லலாம். கொடுப்பதைப் படம் பிடிக்காமலாவது இருக்கலாம்.

தேவையில் இருப்பவர் "அல்லாஹ் தருவான்" என்று நம்பிக்கையோடு முயலட்டும். வசதியுள்ளவர் "அவருக்குரியதை அல்லாஹ் என் கையில் தந்திருக்கிறானா?" என்று தம்மையே கேட்கட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஓர் ஊரின் தவக்குல் முழுமை பெறும்.