நாம் வளர்ந்த மலையை நம் பிள்ளைகள் எழுதட்டும்



சில வாரங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ‘நான் வளரும் இடம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். எங்கள் வகுப்பறைச் சன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு தெரியும். அதற்கும் மேலே, 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரம் கொண்ட பிரிஞ்சாங் மலை மேகத்திற்குள் மறைந்து நிற்கும். இந்தக் குளிரிலேயே பிறந்து வளரும் பிள்ளைகள் என்ன எழுதினார்கள் தெரியுமா? தம் ஊரில் பச்சைப் பசேலென நெல் வயல்கள் இருக்கின்றனவாம். தென்னை மரங்கள் காற்றில் அசைந்தாடுகின்றனவாம். மாட்டு வண்டிகள் வரிசையாகச் செல்கின்றனவாம். பதினான்கு கட்டுரைகளில் பதின்மூன்று இப்படித்தான் இருந்தன. பிரிஞ்சாங்கில் நெல் வயல் ஏது? தென்னைதான் ஏது?

ஒரே ஒரு மாணவன் வேறு விதமாக எழுதியிருந்தான். அவனுடைய தந்தை காய்கறித் தோட்டத்தில் வேலை செய்பவர். இரவில் மழை பெய்தால், செடிகளுக்கு மேலே போட்டிருக்கும் பிளாஸ்டிக் கூரையில் எழும் ஓசையில் அம்மா பேசுவதுகூடக் கேட்காது என்று எழுதியிருந்தான். மழை ஓய்ந்ததும் மண் சரிந்திருக்கிறதா என்று பார்க்க அப்பா கைவிளக்குடன் போவார். அவர் திரும்பும் வரை தான் தூங்குவதில்லை என்றும் எழுதியிருந்தான். ஒற்றுப் பிழைகள் ஏராளம். நான் பிழைகளையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, அவனுக்கு வகுப்பிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை வழங்கினேன். நெல் வயலைப் பிழையின்றி வருணித்த மாணவி முதலிடம் பெற்றாள். வீடு திரும்பும் வழியில்தான் நான் செய்தது என்னவென்று எனக்கே உறைத்தது.

ஏனெனில், அந்தப் பிழையின் வேர் என்னிடமும் இருக்கிறது. நானும் இந்த மலையின் பிள்ளைதான். பிரிஞ்சாங்கை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் 1980-களில் வளர்ந்தேன். விடியுமுன்பே அம்மா பெரட்டுக்குப் புறப்பட்டு விடுவார். பனியில் நனைந்த செடிகள் உடையை ஈரமாக்காதிருக்க இடுப்பில் பிளாஸ்டிக் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். தம்பியை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நான் பள்ளிக்கு ஓடுவேன். மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவுக்காகக் காத்திருப்பேன். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதைப் பாடநூல் எனக்குச் சொல்லவில்லை. அம்மாவின் முதுகுதான் சொன்னது. ஆலையிலிருந்து வரும் தேயிலை வாசனையை வைத்தே வேலை நாளா, விடுமுறையா என்று சிறுவர்கள் நாங்கள் சொல்லிவிடுவோம்.

ஆனால், இவற்றுள் ஒன்றைக்கூட நான் ஆறாண்டுகளில் எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை. எழுதலாம் என்று எவரும் சொன்னதுமில்லை. நானும் நெல் வயலைத்தான் எழுதினேன்.

அதன் விளைவு இடைநிலைப்பள்ளியில் தெரிந்தது. முதல் நாள், பக்கத்தில் அமர்ந்த நண்பன் என் வீடு எங்கே என்று கேட்டான். பிரிஞ்சாங் பட்டணத்தில், கடைவீட்டின் மேல்மாடியில் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற, நாள்தோறும் பட்டணத்திலேயே பேருந்தைவிட்டு இறங்கி, நண்பர்கள் மறையும் வரை காத்திருந்து, பிறகு தோட்டத்திற்கு நடந்தேன். ஒரு நாள் நான் அவர்களோடு நின்றிருந்தபோது தோட்டத்து லாரி எதிரே வந்து நின்றது. கூடையோடு அமர்ந்திருந்த பெண்களுள் என் அம்மாவும் இருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றிரவு அம்மா வழக்கம்போல் சோறு போட்டார். அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. இறக்கும் வரையிலும் பேசவில்லை.

தன் ஊரை எழுதத் தெரியாத பிள்ளை, நாளடைவில் தன் ஊரைச் சொல்லவும் கூசுகிறான் என்பதே நான் வலியுறுத்த விரும்பும் கருத்து. ‘எழுதத் தகுந்த ஊர் வேறு எங்கோ இருக்கிறது’ என்னும் பாடத்தை, நாமே அறியாமல் கட்டுரை வகுப்பில் கற்பித்து வருகிறோம்.

வரலாறும் நமக்கு இதையே காட்டுகிறது. 1885-இல் நில அளவை செய்ய வந்த வில்லியம் கேமரனின் பெயர் மலைக்கு நிலைத்தது. 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜே.ஏ. ரசலின் பெயர் நூல்களில் உள்ளது. காடு வெட்டிச் செடி நட்டுக் கொழுந்து பறித்த நம் பாட்டன் பாட்டிமாரின் பெயர்கள் எங்கே உள்ளன? அவர்களைப் பற்றி நம் பிள்ளைகள் எழுதாவிடில் வேறு யார் எழுதுவார்?

தேர்வுக்கு மாதிரிக் கட்டுரைகள்தாமே உதவும் என்று சிலர் கேட்கலாம். 1988 முதல் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. அந்தச் சாக்கு இனிச் செல்லாது. ‘வறுமையை மறக்கத்தானே மலையை விட்டு இறங்கினோம், பிள்ளைகளுக்கு அதை ஏன் நினைவூட்ட வேண்டும்?’ என்று ஈப்போவிலும் கிள்ளானிலும் வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிவிட்ட உறவினர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தோட்ட வாழ்க்கை தேன் நிலவன்று. குறைந்த கூலியும், குடியால் சிதைந்த குடும்பங்களும், பாதியில் நின்ற படிப்பும் அங்கு இருந்தன. அவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள் என்கிறேன். மறைக்கப்பட்ட வறுமைதான் கூச்சமாக மாறுகிறது. இன்று கொழுந்து பறிப்பவர்களுள் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நம் கதையை அறிந்த பிள்ளை அவர்களையும் மதிப்பான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரட்டு, லயம், கங்காணி, கிராணி, கவ்வாத்து போன்ற சொற்கள் கட்டுரையில் வந்தால் அடித்துவிடாதீர்கள். இலக்கணப் பிழையைத் திருத்துங்கள், வாழ்க்கையைத் திருத்தாதீர்கள். பட்டணத்துப் பள்ளியாயின், அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கி பழுதான நாளை எழுதச் சொல்லுங்கள். அதுவும் ஓர் ஊர்தான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு முறை, கைப்பேசியை ஒதுக்கிவைத்து, நீங்கள் வளர்ந்த இடத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பத்து நிமிடம் பேசுங்கள். பாட்டி இருந்தால் அவரைப் பேசவிடுங்கள்.

மறுநாள் அந்த மாணவனின் கட்டுரை நூலைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். புள்ளிகளைத் திருத்திவிட்டு, அவனுடைய கட்டுரையை வகுப்பில் உரக்க வாசித்தேன். எல்லாரும் மீண்டும் எழுதினார்கள். நெல் வயல் எழுதிய அதே மாணவி, தன் பாட்டியின் விரல்களில் தேயிலைக் கறை இன்னும் போகவில்லை என்று எழுதியிருந்தாள். அம்மாவின் விரல்களும் அப்படித்தான் இருந்தன. அதை நான் எழுதுவதற்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. நம் பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்.