உம்மாவுக்கு டிக்கெட் போடும்போது எதைப் பார்க்கிறோம்?

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

லண்டனிலோ டொரன்டோவிலோ மெல்பேர்னிலோ ஒரு பிள்ளை இல்லாத தெரு இப்போது நமது ஊர்களில் குறைவு. மகளுக்குக் குழந்தை கிடைத்தால் உம்மா போகிறார். மூன்று மாதமோ ஆறு மாதமோ நின்று பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார். போகும்போது யாராவது தெரிந்தவரோடு சேர்த்து அனுப்பிவிடுகிறோம். திரும்பி வருவது பெரும்பாலும் தனியாகத்தான். கால் வீங்கி, முகம் வாடி, கட்டுநாயக்கவில் வந்து இறங்குகிறார். "பயணக் களைப்பு" என்று சொல்லிவிட்டு நாம் சாமான் பெட்டியைத் திறக்கப் போய்விடுகிறோம்.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் என்று, டிக்கெட்டை வாசித்துச் சொல்லச் சொல்லி ஊரார் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் கொண்டு வருகிறார்கள். வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி: "எவ்வளவு முடிஞ்சிருக்கு?", "எந்த எயார்லைன்ஸ்?" முதலாவது பணத்துக்கு. இரண்டாவது, உண்மையைச் சொன்னால், பெருமைக்கு. இடையில் எத்தனை மணித்தியாலம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் குறைவு.

நமது கருத்து இதுதான்: அறுபது தாண்டியவருக்கு டிக்கெட் எடுக்கும்போது விலை மூன்றாவதாக வர வேண்டும். முதலாவது, எத்தனை தடவை இறங்கி ஏற வேண்டும் என்பது. இரண்டாவது, ட்ரான்சிட் நேரம்.

லண்டன் ஹீத்ரோவிலிருந்து கொழும்புக்கு ஸ்ரீலங்கன் நேரடியாக வருகிறது. 10, 11 மணித்தியாலம். மெல்பேர்னிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. கனடாவிலிருந்து நேரடி இல்லை. டொரன்டோவிலிருந்து டுபாய் வழியாக வந்தால் அதுவரை 12, 13 மணித்தியாலம், அங்கிருந்து இன்னும் நாலரை மணித்தியாலம் அளவில். வளைகுடா விமானத்தில் டீவி பெரிது, சாப்பாடு நல்லம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் நமது உம்மாக்கள் டீவி பார்க்க ஏறுவதில்லை. நேரடி விமானம் கொஞ்சம் கூடிய விலை என்றாலும் அவர்களுக்கு அதுதான் இலாபம்.

இடையில் மாறியே ஆக வேண்டுமென்றால் இரண்டரை முதல் நாலு மணித்தியாலம் நல்ல இடைவெளி. ஒரு மணித்தியாலம் என்றால் ஓட வேண்டும். 14 மணித்தியாலம் என்றால் இரும்புக் கதிரையில் ஓர் இரவு. நேரசூசி போடும்போது ஓர் ஆசிரியருக்கு எட்டுப் பாடத்தையும் தொடர்ச்சியாகப் போட்டால் அவர் சண்டைக்கு வருவார். உம்மா சண்டைக்கு வரமாட்டார். அதனால்தான் நாம் போட்டுவிடுகிறோம்.

அதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு கம்பனிகளில் தனித்தனி டிக்கெட் எடுப்பது. முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது கம்பனி பொறுப்பேற்காது. பெரும்பாலும் பெட்டியை நாமே எடுத்து மறுபடி போட வேண்டும்; அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் தேவைப்படலாம். முழுப் பயணமும் ஒரே புக்கிங்கில் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பாரிஸ், பிராங்பர்ட், லண்டன் வழியாக மாறுவதென்றால் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாக ட்ரான்சிட் விசா தேவை. கனடா விசா உள்ளவர்களுக்குச் சலுகை உண்டு என்றாலும், அந்த விசா முடிகிற தறுவாயில் எடுக்கிற டிக்கெட் என்றால் முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி பிஸினஸ் கிளாஸ் கதை. எகொனமியில் ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் இடையில் 31, 32 அங்குலம்தான். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பது போன்றது; நுவரெலியாவே ஆறாயிரம் அடிக்குச் சற்று மேல்தான். 4 மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்து பயணம் செய்தால் இரத்தக் கட்டி ஏற்படும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பயப்பட வேண்டாம், மொத்தத்தில் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் அண்மையில் சத்திர சிகிச்சை செய்தவரும், முன்பு காலில் இரத்தம் கட்டியவரும் டொக்டரிடம் கேட்காமல் ஏறக்கூடாது.

அப்படியானவருக்கு, முழங்கால் மடிக்க ஏலாதவருக்கு, பிள்ளைகள் சேர்ந்து பிஸினஸ் கிளாஸ் எடுத்துக் கொடுத்தால் அதை வீண்விரயம் என்று ஊரில் பேசாதீர்கள். கல்யாண வீட்டில் சஹனுக்கு மேல் சஹன் வைக்கும்போது கணக்குப் பார்க்காத நாம், உம்மா காலை நீட்டிப் படுப்பதற்குக் கணக்குப் பார்ப்பது நியாயமில்லை. அதேபோல, சுகதேகியான ஒருவருக்கு எகொனமியில் நடைபாதைப் பக்க சீட், நேரடி விமானம், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுந்து நடப்பது, இவை போதும். பெயருக்காகக் கடன்பட்டு பிஸினஸ் எடுக்கவும் தேவையில்லை.

காசு இல்லாமலே கிடைக்கும் உதவிகளைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். சக்கர நாற்காலி உதவிக்குக் கட்டணம் இல்லை. பயணத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு முன்னர் கேட்டுப் பதிந்தால் போதும். "நான் என்ன நடக்க ஏலாதவளா?" என்று உம்மா மறுப்பார். விளக்கிச் சொல்லுங்கள். நாற்காலியைத் தள்ளுகிறவர் இமிகிரேஷன் வரிசையிலும், அடுத்த கேற்றுக்கும் கூடவே வருவார். ஆங்கிலம் தெரியாத, பலகையை வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

சாப்பாட்டிலும் ஒரு விஷயம். சீனி வருத்தம் உள்ளவருக்கும் பழக்கத்தில் "முஸ்லிம் மீல்" என்று பதிந்துவிடுகிறோம். எமிரேட்ஸ், கட்டார் போன்ற விமானங்களில் எல்லாச் சாப்பாடும் ஹலால்தான். அங்கே நீரிழிவுக்கான சாப்பாட்டையே பதியலாம். இன்சுலினை ஒருபோதும் பெரிய பெட்டியில் போடாதீர்கள், கீழே குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். கைப்பையில், டொக்டரின் கடிதத்தோடு இருக்கட்டும்.

இன்னொன்று. பிரித்தானியாவிலிருந்து புறப்படும் விமானம் எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும், அந்தக் கம்பனியின் காரணத்தால் கொழும்புக்கு 4 மணித்தியாலத்துக்கு மேல் தாமதித்து வந்தால் ஆளுக்கு 520 பவுண்ட்ஸ் வரை நட்டஈடு கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. போர்டிங் பாஸை வீசிவிடாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கிற தம்பி, தங்கச்சிமாரே, உங்கள் சிரமம் எங்களுக்குத் தெரியும். வாடகையும் வரியும் போக மிஞ்சுவதில்தான் இந்த டிக்கெட். குறை சொல்ல இதை எழுதவில்லை. புக் பண்ணுவதற்கு முன் ஊரில் உள்ள சகோதரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஊரில் உள்ளவர்களே, "நீயே பாத்துக்கொள்" என்று சொல்லாமல், இருபதாயிரமோ முப்பதாயிரமோ சேர்த்துப் போட்டு நேரடி விமானத்தை எடுக்கச் சொல்லுங்கள். அது அவர்களுக்கு மட்டும் உம்மா இல்லையே.

இதற்கு மேல் தெரிந்த விஷயங்கள் இருந்தால், குறிப்பாக டிக்கெட் ஏஜென்சி வைத்திருக்கும் நமது சகோதரர்கள், கீழே எழுதுங்கள். அடுத்த மாதம் பயணம் போகும் யாரோ ஒரு உம்மாவுக்கு அது உதவும்.