பந்தை அனுப்பியவர்

மொழிபெயர்ப்பவன் செய்யும் பாவங்களில் பெரியது பிழையாக மொழிபெயர்ப்பது அல்ல; இடமில்லை என்று வெட்டுவது. பிழை என்றால் எங்கிருந்தாவது ஒரு வாசகர் கண்டுபிடித்து அஞ்சலட்டை போட்டுவிடுவார். வெட்டியது யாருக்கும் தெரியாது. வெட்டியவனுக்கு மட்டும் தெரியும்.

2014-ல் நான் அப்படி ஒரு வாக்கியத்தை வெட்டினேன். கொலம்பியக் கால்பந்து ஆட்டக்காரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் கொல்லப்பட்டு இருபது ஆண்டுகள் ஆனதை ஒட்டிய கட்டுரை அது. தமிழில் நான்கு வரி மிஞ்சியது. எதை எடுத்தால் கதைக்குச் சேதம் வராது என்று மேலும் கீழுமாகப் பார்த்தேன். பந்தை உள்ளே அனுப்பியவரைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன். பக்கம் கச்சிதமாகப் பொருந்தியது.

எஸ்கோபார் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1994 ஜூன் 22. அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை. கலிஃபோர்னியாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். முந்தைய ஆண்டுதான் அர்ஜென்டினாவை அதன் சொந்த மண்ணில் 5-0 என்று நசுக்கியிருந்த கொலம்பியா ஒரு பக்கம். கால்பந்தே தெரியாத நாடு என்று உலகம் கேலி செய்த அமெரிக்கா மறுபக்கம். முதல் பாதியில், இடப்புறத்திலிருந்து ஓர் அமெரிக்கர் பந்தைக் குறுக்காகத் தட்டினார். வலப்புறம் ஓடிவந்துகொண்டிருந்த எர்னி ஸ்டூவர்ட்டுக்குப் போக வேண்டிய பந்து. தடுப்பதற்காக எஸ்கோபார் சறுக்கிக் காலை நீட்டினார். பந்து அவர் காலில் பட்டு அவருடைய வலைக்குள்ளேயே போயிற்று.

நம் தெருப் பையன்கள் இதற்கு 'சேம் சைடு கோல்' என்பார்கள். ஏதாவது கட்சியின் பேச்சாளர் வாய்தவறித் தன் தலைவரையே திட்டிவிட்டால் பத்திரிகைக்காரர்களும் அந்தச் சொல்லைத்தான் எடுப்போம். அது சிரிப்பதற்கான சொல். கொலம்பியாவில் யாரும் சிரிக்கவில்லை. அமெரிக்கா 2-1 என்று வென்றது. கொலம்பியா முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. பத்தே நாளில், ஜூலை 2 அன்று, மெடலின் நகரில் எஸ்கோபார் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27.

நான் வெட்டிய பெயர் ஜான் ஹார்க்ஸ். நடுக்கள ஆட்டக்காரர். அந்தப் பந்தைத் தட்டியவர்.

அவர் செய்ததில் தவறு எதுவும் இல்லை. நடுக்களத்தில் ஆடுபவனின் வேலையே அதுதான். பந்தை வாங்குவான், அனுப்புவான். அதன் பிறகு நடப்பதெல்லாம் வேறொருவர் கணக்கில் எழுதப்படும். கோல் விழுந்தால் அடித்தவன் பெயர். சேம் சைடு என்றால் பாவம், தடுத்தவன் பெயர். அனுப்பியவன் பெயர் நான்கு வரி மிஞ்சினால் போய்விடும். ஹார்க்ஸின் ஆட்ட வாழ்க்கை முழுவதும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது.

நியூஜெர்சி மாநிலத்தில் கார்னி என்ற ஊரில் 1967-ல் பிறந்தவர் ஹார்க்ஸ். பேரைப் பார்த்து அமெரிக்க ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து நூல் கம்பெனி அங்கே ஆலை போட்டது. ஆலையோடு தொழிலாளர்களையும், தொழிலாளர்களோடு கால்பந்தையும் கொண்டுவந்து இறக்கியது. ஹார்க்ஸின் குடும்பமும் ஸ்காட்லாந்துக் குடும்பம்தான். தந்தையின் ஊர் டண்டீ. நம் வங்கத்துச் சணல் கப்பலேறிப் போய் இறங்கிய அதே டண்டீ. ஹூக்ளிக் கரை ஆலைகளை மேய்க்க மேலாளர்களை அனுப்பிவைத்த அதே டண்டீ. அமெரிக்கப் பையன்கள் எல்லாம் பேஸ்பால் மட்டையோடு திரிந்தபோது கார்னியிலும் பக்கத்து ஊரான ஹாரிசனிலும் பையன்கள் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். 1990, 1994 இரண்டு உலகக் கோப்பைகளிலும் ஆடிய ஹார்க்ஸ், கோல்கீப்பர் டோனி மியோலா, டேப் ராமோஸ் மூவரும் இந்த ஒரு மூலையிலிருந்து வந்தவர்கள்.

ஆடத் தெரிந்தால் போதுமா, ஆட இடம் வேண்டாமா? பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1977-ல் கல்கத்தா ஈடன் கார்டனுக்கு வந்து மோகன் பகானோடு 2-2 என்று சமன் செய்துவிட்டுப் போன அணி. அந்த அணி ஆடிய லீக் 1984-ம் ஆண்டுப் போட்டிகளோடு படுத்துவிட்டது. அதற்குப் பிறகு 1996 வரை அமெரிக்காவில் தேசிய அளவில் முதல்தரக் கால்பந்து லீக் என்று ஒன்று கிடையாது. ஹார்க்ஸ் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆடினார். தேசிய அணியில் ஆடினார். 1989 நவம்பரில் டிரினிடாடை அதன் மண்ணிலேயே 1-0 என்று வென்று, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது அந்தத் தலைமுறையில் அவரும் ஒருவர். 1990-ல் இத்தாலி போனார்கள். மூன்று ஆட்டம், மூன்று தோல்வி. திரும்பி வந்தால் ஆடுவதற்கு லீக் இல்லை.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்குப் பொருள்வயின் பிரிவு தெரியும். தலைவன் பொருள் தேடிப் பாலை வழியே போவான். ஹார்க்ஸ் கடல் வழியே போனார். சேர்ந்த இடம் இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டு; அணி ஷெஃபீல்டு வெட்னஸ்டே. அப்போது இரண்டாம் டிவிஷனில் கிடந்த அணி.

இன்றைய இங்கிலீஷ் லீகின் பளபளப்பை அந்த 1990-ன் மீது பூசிப் பார்க்கக் கூடாது. வெட்னஸ்டேயின் ஹில்ஸ்பரோ மைதானத்தில்தான் முந்தைய ஆண்டு நெரிசல் விபரீதம் நடந்திருந்தது. பின்னாளில் இறந்தவர் கணக்கு 97 என்று முடிந்தது. இங்கிலாந்து கிளப்புகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து ஐந்தாண்டுத் தடையை அனுபவித்துவிட்டு அப்போதுதான் தலையைத் தூக்கின. வெளிநாட்டுக்காரன் என்றாலே சந்தேகம். அதிலும் அமெரிக்கன், அதிலும் கால்பந்தை 'சாக்கர்' என்கிறவன்! இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'சாக்கர்' இங்கிலாந்தில் பிறந்த சொல். அசோசியேஷன் ஃபுட்பால் என்பதில் நடுத்துண்டைக் கிள்ளி 19-ஆம் நூற்றாண்டு மாணவர்கள் செய்தது. தான் பெற்ற பிள்ளையை அமெரிக்கன் வளர்த்தான் என்பதற்காக இங்கிலீஷ்காரன் அதை அடையாளம் காண மறுக்கிறான்.

கேலிக்கு ஹார்க்ஸ் வாயால் பதில் சொல்லவில்லை. 1990 டிசம்பரில் லீக் கோப்பை ஆட்டம், டெர்பி நகரில். எதிர் அணிக்குக் கோல்கீப்பர் பீட்டர் ஷில்டன். அந்த ஆண்டு உலகக் கோப்பையில் இங்கிலாந்தை அரையிறுதி வரை காத்தவர். வழக்கமான ஆள் காயத்தில் இருந்ததால் ஹார்க்ஸை வலப்புறத் தடுப்பாட்டத்தில் நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து முன்னேறியவர், சுமார் 35 கஜ தூரத்தில் இருந்து உதைத்தார். ஷில்டன் பாய்ந்தார், எட்டவில்லை. இங்கிலாந்தில் அந்த ஆண்டின் சிறந்த கோல் என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1991 ஏப்ரலில் வெம்பிளியில் லீக் கோப்பை இறுதி ஆட்டம். மான்செஸ்டர் யுனைடெட்டை இரண்டாம் டிவிஷன் வெட்னஸ்டே 1-0 என்று வீழ்த்தியது. கோல் ஜான் ஷெரிடனுடையது. 1935-க்குப் பிறகு அந்த அணி வென்ற முதல் பெரிய கோப்பை. முதல் டிவிஷனுக்கும் அதே ஆண்டு ஏறினார்கள். 1992-ல் பிரிமியர் லீக் தொடங்கியது. முதல் வார ஆட்டங்களில் 22 அணிகளிலும் சேர்த்து, பிரிட்டன் அயர்லாந்துக்கு வெளியிலிருந்து வந்து தொடக்கத்திலிருந்தே ஆடியவர்கள் மொத்தம் 13 பேர். அந்தக் காலத்தில் அந்த லீகில் ஆடிய முதல் அமெரிக்கர் என்ற பெயர் ஹார்க்ஸுக்கு.

1993 ஏப்ரலில் மீண்டும் லீக் கோப்பை இறுதி, எதிரே ஆர்செனல். முதல் பத்து நிமிடத்துக்குள் ஹார்க்ஸ் கோல் போட்டார். லீக் கோப்பை இறுதியில் ஓர் அமெரிக்கர் அடித்த முதல் கோல். ஆர்செனல் 2-1 என்று வென்றது. இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் எதைச் சொல்கிறார்கள்? வெற்றி கோல் அடித்த ஸ்டீவ் மாரோவைக் கேப்டன் டோனி ஆடம்ஸ் உற்சாகத்தில் தோளில் தூக்கி, கைநழுவவிட்டு, அவர் கையை முறித்த கதையைத்தான். ஹார்க்ஸின் கோல் மறுபடியும் மிஞ்சிய நான்கு வரியில் போயிற்று. அடுத்த மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியிலும் அதே ஆர்செனலிடம், மறு ஆட்டத்தின் கூடுதல் நேரமும் முடியப்போகும் கணத்தில் விழுந்த கோலால் தோல்வி.

அந்த ஆண்டே அவர் டெர்பி கவுண்டிக்கு மாறினார். ஷில்டனைத் தாண்டிக் கோல் போட்ட அதே டெர்பி. ஆனால் ஒரு படி கீழான டிவிஷன். அங்கிருந்துதான் 1994 உலகக் கோப்பைக்கு வந்தார். கொலம்பியா ஆட்டம் முடிந்தது. அடுத்து ருமேனியாவோடு ஆடும்போது இரண்டாவது மஞ்சள் அட்டை. அதனால் ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் சுதந்திர தினத்தில், பிரேசிலோடு நடந்த ஆட்டத்தில் அவருக்கு இடமில்லை. 1-0 என்று அமெரிக்கா தோற்றது. எஸ்கோபார் இறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கால் கை கட்டிப்போட்டது போல வெளியே உட்கார்ந்திருந்தவருக்கு என்ன ஓடியிருக்கும் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் ஒன்று: ஆயிரம் முறை அடித்த அதே மாதிரி ஒரு பந்து. அது எங்கே போய் விழும் என்பதற்கு அடித்தவன் பொறுப்பல்ல. அதை மறக்கவும் அவனால் முடியாது.

1996-ல் அமெரிக்காவில் மேஜர் லீக் சாக்கர் பிறந்தது. ஹார்க்ஸ் ஊர் திரும்பினார். டி.சி. யுனைடெட் அணிக்குக் கேப்டனாக இருந்து முதல் இரண்டு ஆண்டுகளும் கோப்பையை வென்றார். தேசிய அணிப் பயிற்சியாளர் ஸ்டீவ் சாம்ப்சன் அவரை 'ஆயுட்காலக் கேப்டன்' என்று அறிவித்தார். 1998 ஏப்ரலில், உலகக் கோப்பைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அதே சாம்ப்சன் அவரை அணியிலிருந்தே நீக்கினார். காரணம் பற்றிப் பின்னாளில் நிறையப் பேச்சு வந்தது. அது வீட்டு விவகாரம், இந்தப் பக்கத்துக்கு வேண்டாம். பிரான்ஸ் போன அணி மூன்று ஆட்டங்களிலும் தோற்று, 32 அணிகளில் கடைசியாக வந்தது. ஹார்க்ஸ் இருந்தால் ஜெயித்திருக்கும் என்று வாதாட நான் தயாரில்லை. அவர் மறு ஆண்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'ஆயுட்காலக் கேப்டனும் பிற தற்காலிகப் பணிகளும்'. நம் அரசு ஊழியர்களுக்கு இந்த நகைச்சுவை உடனே புரியும்.

தேசிய அணிக்காக 90 ஆட்டங்கள், 6 கோல். 2005-ல் அமெரிக்கக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம். ஏடு இத்தோடு முடிகிறது. கோல் கணக்கைப் பார்த்தால் சாதாரண வாழ்க்கை.

ஆனால் நடுக்கள ஆட்டக்காரனை அவன் கோலை எண்ணி அளக்கக் கூடாது, அனுப்பிய பந்து எங்கே போயிற்று என்று பார்க்க வேண்டும். நம்மிடம் ஓர் ஒப்பீடு இருக்கிறது. 1936-ல் கல்கத்தாவின் முகமது சலீம் கிளாஸ்கோ போய் செல்டிக் அணிக்கு வெறுங்காலோடு ஆடி அசத்தினார். இரண்டே ஆட்டம், ஊர் நினைவு வந்து திரும்பிவிட்டார். 1999-ல் பைச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி அணியில் சேர்ந்தார். இருவருக்கும் நடுவே 63 ஆண்டுகள். சலீம் தட்டிய பந்தை வாங்கிக்கொள்ள எதிர்ப்புறம் ஆள் ஓடி வரவில்லை. முதலாமவரை முதலாமவர் ஆக்குவது, பின்னால் வரும் இரண்டாமவர்தான்.

ஹார்க்ஸுக்கு ஆள் வந்தார்கள். கிளாடியோ ரெய்னா மான்செஸ்டர் சிட்டி வரை போனார். கிளின்ட் டெம்ப்சி பிரிமியர் லீகில் 57 கோல் போட்டார். 2021-ல் செல்சி ஐரோப்பியச் சாம்பியன் ஆனபோது கிறிஸ்டியன் புலிசிக் அந்த இறுதியில் ஆடினார். அமெரிக்கன் என்று கேலி செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொருவரும் வந்தார். ஹார்க்ஸ் டெர்பியில் இருந்தபோது அந்த ஊரில் பிறந்த மகன் இயன். அவரும் நடுக்கள ஆட்டக்காரர். 2019-ல் அவர் ஒப்பந்தமான அணி டண்டீ யுனைடெட். தாத்தா பிழைப்புத் தேடிப் புறப்பட்ட ஊருக்குப் பேரன் அதே வேலையாகத் திரும்பி வந்தான். அடுத்த ஆண்டு அந்த அணி ஸ்காட்லாந்தின் முதல் டிவிஷனுக்கு ஏறியது.

2014-ல் வெட்டிய வாக்கியத்தை இத்தோடு திருப்பிக் கொடுக்கிறேன்: இடப்புறத்திலிருந்து அந்தப் பந்தை அனுப்பியவர் ஜான் ஹார்க்ஸ். இந்த முறையும் நான்கு வரி மிஞ்சினால், உதவி ஆசிரியர் வேறு எதையாவது எடுத்துக்கொள்ளட்டும்.